கருகல் வாசனை எங்கிருந்து வருகிறது? பனி வண்டி கேள்வி-பதில்

சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றி ஓடும் அகலப் பட்டை, அதாவது டிராக் போட்ட பனி வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி (சட்பரி, ஒன்டாரியோ): பழைய லிக்விட் கூல்ட் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் ஒன்று வாங்கினேன். 121 அங்குல டிராக். உறைந்த ஏரிக்கு மேலால 15 கிலோமீட்டர் ஓடினதும் ரப்பர் கருகின மாதிரி மணம். பிறகு டெம்பரேச்சர் லைட் எரிஞ்சுது. வெளியில மைனஸ் 22! இந்தக் குளிருக்குள்ள எப்படிச் சூடாகும்? டிராக்கையே மாத்த வேணும் எண்டு ஒருத்தர் சொல்லுறார்.

பதில்: டிராக்குக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். கருகியது அதற்குள்ளே இருக்கும் சறுக்குப் பட்டையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்னோமொபைலின் டிராக் இரண்டு அலுமினியத் தண்டவாளங்களைச் சுற்றி ஓடுகிறது. அந்தத் தண்டவாளங்களின் அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை ஒன்று மாட்டியிருக்கும். கடைகளில் 'ஹைஃபாக்ஸ்' அல்லது 'ஸ்லைடர்' என்று கேட்டால் தெரியும். டிராக்கில் பதித்த எஃகு கிளிப்புகள் இந்தப் பட்டையில் உரசிக்கொண்டேதான் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் உரசல். அந்த இடத்தில் எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. டிராக் வாரி இறைக்கும் பனித்தூள் உருகி வரும் ஈரம் ஒன்றுதான் மசகு. அதே பனித்தூள்தான் டிராக்குக்கு மேலே, வண்டியின் வயிற்றில் இருக்கும் அலுமினியக் கூலரில் அடித்து எஞ்சின் தண்ணீரையும் ஆற்றுகிறது. பல மாடல்களில் காரில் இருப்பது போல முன்னால் ரேடியேட்டர் கிடையாது.

காற்று பனியை அள்ளிக்கொண்டு போய்விட்ட ஏரியில் மிஞ்சுவது வெறும் கண்ணாடி ஐஸ். மசகும் போச்சு, கூலரில் அடிக்கும் பனித்தூளும் போச்சு. காற்று மைனஸ் 22 ஆக இருந்தாலும் பட்டை உரசும் இடத்தில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். இந்த வகைப் பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் உருகிவிடும். உருகியது கிளிப்பில் ஒட்டும், ஒட்டியது மறுபடி தேய்க்கும். அந்த மணம்தான் உங்கள் மூக்குக்கு வந்தது.

வண்டியைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். கிளிப்புகளின் மேல் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மெழுகு போல ஏதாவது படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு பட்டையின் கனத்தை நீளம் முழுக்க நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். தண்டவாளம் முன்னால் வளைந்து மேலேறும் இடத்தில்தான் முதலில் தேயும், நடுவில் அளந்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலான மாடல்களில் சுமார் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். சில பட்டைகளில் பக்கவாட்டில் ஒரு கோடு வார்த்திருப்பார்கள், கோடு வரை தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. அதையும் தாண்டி ஓட்டினால் கிளிப் நேராக அலுமினியத்தை அறுக்கத் தொடங்கும்.

மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி டிராக்கைத் தளர்த்துங்கள். பட்டையின் முன்முனையில் இருக்கும் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, மரக்கட்டை வைத்துப் பின்னோக்கித் தட்டினால் வழுக்கி வரும். புதியதை முந்தைய நாள் இரவே வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், குளிர்ந்த பட்டை வளையாது. சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதல் 30 கிலோமீட்டரைத் தளர்ந்த புதுப்பனியில் ஓட்டினால் பட்டை பழகிக்கொள்ளும்.

மறுபடி ஏரிக்குப் போவதென்றால் 'ஐஸ் ஸ்க்ராட்சர்' வாங்கி மாட்டுங்கள். தண்டவாளத்தில் பொருத்தும் வளையும் கம்பி அது. ஐஸைக் கீறித் தூளாக்கி டிராக்குக்குள் எறியும். கெட்டியான கம்பி வகையை இறக்கியபடியே ரிவர்ஸ் எடுத்தால் மடங்கிவிடும், கேபிள் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. அது இல்லாதவர்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை கரையோரம் தேங்கிக்கிடக்கும் பனிக்குள் வண்டியை விட்டு எடுத்தாலும் போதும். லைட் எரிந்த பின்னும் ஓட்டக் கூடாது. நிறுத்தி, கூலரின் மேல் பனியை அள்ளிப் போட்டு ஆற விடுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): டிராக் எவ்வளவு இறுக்கமா இருக்க வேணும்? ஆளாளுக்கு ஒண்டு சொல்லுகினம்.

பதில்: கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்வதால்தான் ஆளாளுக்கு ஒன்று வருகிறது. முறை இதுதான். பின்பக்கத்தைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்படி நிறுத்துங்கள். டிராக்கின் கீழ் ஓட்டத்தில், கையேடு சொல்லும் இடத்தில், ஒரு எடையைத் தொங்கவிடுங்கள். கம்பெனியைப் பொறுத்து அது 4.5 கிலோவாக இருக்கும் அல்லது 7.3 கிலோவாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பட்டையின் அடிப்பக்கத்துக்கும் கிளிப்பின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தொய்வை அளந்தால், பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி.

இறுக்கம் கூடினால் பட்டை வேகமாகத் தேயும், பெட்ரோல் கூடக் குடிக்கும், பேரிங்குகள் சீக்கிரம் ஆட்டம் காணும். தொய்வு கூடினால் பிரேக் பிடிக்கும்போதோ சட்டென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ 'தட் தட்' என்று அடிக்கும். டிராக்கின் உட்புறப் பற்கள், டிராக்கைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மேல் ஏறித் தாவுகிற சத்தம் அது. நாலு தடவை தாவினால் ரப்பர் பல்லின் அடி கிழியும். கிழிந்த பல்லை ஒட்ட வழியில்லை.

இறுக்கத்தைத் தொட்டால் நேர்கோட்டையும் பார்த்தே ஆக வேண்டும். பின் அச்சு போல்ட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து டிராக்கை மெதுவாகச் சுற்ற விடுங்கள். டிராக் எப்போதும் தளர்ந்த பக்கத்துக்கே நகரும். இடப்பக்கம் நகர்ந்தால் இட அட்ஜஸ்டரைக் கால் சுற்று இறுக்க வேண்டும், அல்லது வலதைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப்புக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி ஒன்றானதும் அச்சு போல்ட்டை முறுக்கு ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த வேலை நடக்கும்போது வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. டிராக்கில் மாட்டிய கல்லோ கழன்ற ஸ்டட்டோ (ஐஸில் பிடிப்புக்கு டிராக்கில் அடிக்கும் ஆணி) துப்பாக்கிக் குண்டு போல வரும்.

கேள்வி (வினிபெக்): ஒரே சீசனில் மூன்று கிளட்ச் பெல்ட் போய்விட்டது. ஒவ்வொன்றும் 400 கிலோமீட்டர்கூட வரவில்லை. பெல்ட் மட்டமா, வண்டி மட்டமா?

பதில்: எஞ்சின் விசையை டிராக் பக்கம் கடத்தும் ரப்பர் பெல்ட் அது, இரு முனையிலும் கிளட்ச் எனும் புல்லி இருக்கும். செத்த பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் அதுவே சொல்லும். ஓர் இடத்தில் மட்டும் குழிந்து, உடுக்கையின் இடுப்பு போல ஒடுங்கியிருந்தால், டிராக் உறைந்து ஒட்டியிருந்தபோது ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கிறீர்கள். பெல்ட் நின்ற இடத்தில் நிற்க, புல்லி மட்டும் அதற்குள் சுற்றித் தின்றுவிட்டது. இரு பக்கச் சுவரும் முழுக்கக் கண்ணாடி போல மின்னினால் வழுக்கல்: புல்லியில் எண்ணெய், அல்லது தேய்ந்த கிளட்ச். ஒரு விளிம்பில் மட்டும் நூல் பிரிந்து தொங்கினால் இரண்டு கிளட்ச்களும் ஒரே கோட்டில் இல்லை. அதற்குப் பின்னால் பெரும்பாலும் உடைந்த எஞ்சின் மவுன்ட் ரப்பர் ஒன்று ஒளிந்திருக்கும், பெல்ட் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

மூன்றும் வரிசையாகப் போனதென்றால் எங்கள் சந்தேகம் முதல் காரணத்தின் மேல். இரவில் நிறுத்தும்போது டிராக்கில் ஒட்டிய ஈரப்பனி காலையில் கல்லாகிவிடும். புறப்படும் முன் பின்கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தூக்கி இரண்டு மூன்று தடவை கீழே போடுங்கள், டிராக் விடுபடும். இரவில் இரண்டு மரப்பலகை மேல் நிறுத்தினால் அந்த வேலையும் மிச்சம்.

புது பெல்ட்டை அட்டையிலிருந்து எடுத்த கையோடு மாட்டாதீர்கள். தொழிற்சாலைப் பூச்சு போக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். புல்லியின் முகங்களைத் தேய்க்கும் பச்சை நாரால் துடைத்து பிரேக் கிளீனர் அடியுங்கள். முதல் 50 கிலோமீட்டர் அரை ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போக வேண்டாம். பார்ட் நம்பர் அப்படியே ஒத்திருக்க வேண்டும், 'இதுவும் அதே சைஸ்தான்' என்று கடையில் நீட்டுவதை நம்ப வேண்டாம்.

இன்னொரு சோதனை: ஒரு ஓட்டம் முடிந்து எஞ்சினை அணைத்ததும் மூடியைத் திறந்து இரண்டு கிளட்ச்களையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் வைக்க முடியாமல் சுட்டால், கோளாறு இருக்கும் பக்கம் அதுதான்.

கேள்வி (எட்மன்டன்): டூ-ஸ்ட்ரோக்குக்கு 50-க்கு 1 கலவை என்றால் 20 லிட்டருக்கு எவ்வளவு எண்ணெய்? குளிருக்காகக் கொஞ்சம் கூட ஊற்றலாமா?

பதில்: 400 மில்லி. கூட ஊற்றாதீர்கள். எண்ணெய் கூடினால் அதே அளவு பெட்ரோல் குறைகிறது, உள்ளே வரும் காற்றுக்குப் பெட்ரோல் போதாது, பிளக்கும் கரி பிடிக்கும். உண்மையில் குளிரில் கவனிக்க வேண்டியது காற்று. 0 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 30-இல் காற்றின் அடர்த்தி 12 சதவீதம் கூடுதல். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளைக் குழலை) மாற்றாமல் அந்தக் குளிரில் முழு ஆக்ஸிலரேட்டரில் போனால், காற்று கூடிப் பெட்ரோல் போதாமல் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். கையேட்டில் வெப்பநிலைக்கு எந்த ஜெட் என்று ஓர் அட்டவணை இருக்கும், ஒரு அளவு பெரிய ஜெட்டைப் போடுவது பாதுகாப்பு. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (மான்ட்ரியல், பொறியியல் மாணவர்): கல்லூரிப் ப்ராஜெக்டுக்கு ஒருவர் உட்கார்ந்து போகும் சின்னப் பனி வண்டி செய்கிறோம். தொழிற்சாலையில் டிராக் எப்படிச் செய்கிறார்கள்? கன்வேயர் பெல்ட்டை வெட்டி நாங்களே செய்யலாமா?

பதில்: முதலில் தொழிற்சாலை முறை. இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கரித்தூளும் சேர்த்துப் பிசைந்த கலவை, அதற்குள் துணி அடுக்கு, குறுக்கே ஒவ்வொரு பிட்ச்சுக்கும் (ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம்) ஒரு கண்ணாடி இழைக் கம்பி. இவற்றை அடுக்கி, 150 டிகிரி அளவிலான சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வேகவைக்கிறார்கள். உட்புறப் பற்களும் வெளிப்புறத் துடுப்புகளும் அந்த அச்சிலேயே விழுகின்றன. எஃகு கிளிப்புகளைக் கடைசியில் கவ்வ வைப்பார்கள். குறுக்குக் கம்பிக்கு எஃகைப் போடாமல் கண்ணாடி இழையைப் போடுவதற்கு எடை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கல்லில் மோதினால் கண்ணாடி இழை வளைந்து திரும்பிவிடும், எஃகு வளைந்தபடியே நின்றுவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கியூபெக்கின் மேகாக் நகரில், ஸ்னோமொபைல் டிராக்குக்குப் பேர்போன கம்பெனி இருக்கிறது: காம்சோ. 2018-இல் மிஷெலின் அதை வாங்கியது.

கன்வேயர் பெல்ட்டில் செய்யலாம். பனிச்சறுக்கு மைதானத்தைச் சமன்செய்யும் பெரிய குரூமர் வண்டிகளின் டிராக்கே நீளவாட்டில் ரப்பர் பெல்ட்டுகள், குறுக்கே அலுமினியம் அல்லது எஃகுச் சட்டங்கள், இரண்டையும் சேர்க்கும் போல்ட்டுகள் என்ற கட்டுமானம்தான். இரண்டு அடுக்குத் துணி உள்ள, 8 மில்லிமீட்டர் கன பெல்ட் உங்களுக்குப் போதும். தோற்பவர்கள் எங்கே தோற்கிறார்கள் என்றால், பிட்ச்சில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிட்ச் 64 மில்லிமீட்டர், 48 சட்டம், மொத்தச் சுற்று 3,072 மில்லிமீட்டர். 121 அங்குல டிராக்கும் ஏறக்குறைய இதுதான். ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை அளந்து குறித்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசியில் 24 மில்லிமீட்டர். எல்லாத் துளையையும் ஒரே ஆரம்பக் கோட்டிலிருந்து அளந்து குறியுங்கள். ட்ரில் போடாதீர்கள், துணி இழை பிசிறாகி அங்கிருந்தே கிழியத் தொடங்கும். தோல் பட்டறையில் வைத்திருக்கும் கூர்மையான உளிக்குழாயால் ஒரே அடியில் வெட்டி எடுங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அகல வாஷர்கூடப் பத்தாது, உட்பக்கம் ஒரு பட்டைத் தகடு வைத்து இறுக்குங்கள்.

ஸ்ப்ராக்கெட் 9 பல் என்றால் 9 × 64 = 576, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 183 மில்லிமீட்டர். இதை அப்படியே லேத்தில் கொடுத்துவிடாதீர்கள்! 183 என்பது பெல்ட்டுக்குள் இருக்கும் துணி அடுக்கின் விட்டம், ஏனென்றால் வளையும்போது நீளம் மாறாத கோடு அதுதான். துணி பெல்ட்டின் உள்முகத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால், பெல்ட் உட்காரும் விட்டம் 175. இந்த 8 மில்லிமீட்டரைக் கவனிக்காத ஸ்ப்ராக்கெட்டில் மூன்றாவது பல்லுக்குள்ளேயே சட்டம் ஏறி உட்காரும். ஒரு சுற்றுக்கு 576 மில்லிமீட்டர் நகரும், 20 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு சுமார் 580 சுற்று வேண்டும். கியர் விகிதத்தை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

பெல்ட் இழுபடும். 1 சதவீதம் நீண்டாலே 31 மில்லிமீட்டர், அதாவது அரை பிட்ச். அதனால் துளை போடும் முன் பெல்ட்டை வேலை செய்யும் அளவு இழுவிசையில் ஓர் இரவு தொங்கவிட்டு, அந்த இழுப்பிலேயே குறியுங்கள். அட்ஜஸ்டருக்கு 60 மில்லிமீட்டர் ஓட்டம் விடுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். முன்னால் வைத்தால் இழுவிசை பின்சக்கரத்தைச் சுற்றி மேல் ஓட்டம் முழுவதையும் கடந்து வர வேண்டும், தொய்வு ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் சேரும், பல் தாவும். பின்னால் வைத்தால் இறுகும் பகுதி குட்டை. குரூமர்கள் பின்னால் வைப்பது இதனால்தான். ஸ்னோமொபைலில் எஞ்சின் முன்னால் இருப்பதால் வேறு வழியில்லை.

வண்டி பனியில் புதையாமல் நிற்குமா என்றும் பார்க்கலாம்: 38 செ.மீ. அகலம், 120 செ.மீ. தரையில் படும் நீளம் என்றால் 4,560 சதுர செ.மீ. ஆளோடு 350 கிலோ என்றால் சதுர செ.மீ.க்கு 0.08 கிலோவுக்கும் குறைவு. 80 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பூட்ஸின் கீழ் சுமார் 0.3 கிலோ. ஆள் இடுப்பளவு புதையும் பனியில் வண்டி மேலே நிற்பது இந்த நான்கு மடங்கு வித்தியாசத்தால். ப்ராஜெக்ட் அறிக்கைக்கு வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு இருக்கட்டும்.

கேள்வி (மோன்-ட்ரொம்ப்லான், பனிச்சறுக்கு மைதானத்தில் வெல்டர்): குரூமரின் டிராக் சட்டங்கள் ஒரே பக்கமாக உடைகின்றன. வெல்டு வைத்தால் இரண்டு வாரத்தில் பக்கத்திலேயே உடைகிறது.

பதில்: அலுமினியச் சட்டத்தில் வெல்டு வைத்தால் அப்படித்தான் ஆகும். கடினப்படுத்திய அலுமினியம் சூடு பட்ட இடத்தில் மென்மையாகிவிடும். வெல்டு நிற்கும், அதை ஒட்டிய இடம் விரியும். உடைந்த சட்டத்தை மாற்றிவிடுவதே செலவு குறைவு.

ஒரே பக்கம் உடைவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். டிராக்கின் ஒரு பெல்ட் மற்றவற்றைவிட நீண்டிருந்தால், சட்டம் சரிவாக ஸ்ப்ராக்கெட்டில் விழும், ஒரு முனை முதலில் அடி வாங்கும். பெல்ட்டுகளைத் தனித்தனியாக மாற்றாமல் ஒரு பக்கத்துக்கு மொத்தமாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான். புது பெல்ட் முதல் சில பத்து மணி நேரத்தில் கணிசமாக நீளும். அந்த நேரத்தில் இறுக்கத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும், எல்லா போல்ட்டையும் ஒரு முறை மறுபடி முறுக்க வேண்டும். தளர்ந்த ஒரு போல்ட் துளையை நீள்வட்டமாக்கிவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எந்தப் போல்ட் தளர்கிறது என்று தெரிய, இறுக்கியதும் நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொன்று, ஷெட்டுக்கு முன்னால் தார்ச்சாலை இருக்கிறதா? குரூமர் நின்ற இடத்தில் திரும்பினால் ஒவ்வொரு சட்டமும் பக்கவாட்டில் முறுக்கப்படும். பனியில் அது வழுக்கிக்கொடுக்கும், தாரில் கொடுக்காது. எந்தப் பக்கம் திரும்பி ஷெட்டுக்குள் போகிறீர்களோ அந்தப் பக்கம்தான் உடைகிறதா என்று பார்க்கவும். பழைய ரப்பர் பாயை விரித்து, திரும்பும் வட்டத்தைப் பெரிதாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஈரப்பனி விழும் வாரங்களில் டிராக்குக்கும் அதற்குள் உருளும் டயர்களுக்கும் நடுவே ஐஸ் கட்டி உருளும். அது டிராக்கை உள்ளிருந்து இறுக்கும், முதலில் கத்துவது பின் அச்சின் பேரிங். ஷிஃப்ட் முடிந்ததும் இரும்புக் கம்பியால் தட்டி எடுத்துவிடுவதைத் தவிர வேறு மந்திரம் இல்லை. எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.

கேள்வி (சென்னை): அன்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்கு என்ன வண்டியில் போகிறார்கள்? அங்கே டீசல் உறையாதா?

பதில்: கப்பல் சரக்கை இறக்கும் பனித்திட்டின் விளிம்பிலிருந்து மைத்ரிக்கு 100 கிலோமீட்டர் அளவு தூரம். பிஸ்டன்புல்லி என்ற ஜெர்மன் வண்டிகள் சறுக்குப் பலகைகளில் கன்டெய்னரையும் எரிபொருள் தொட்டியையும் கட்டி வரிசையாக இழுத்துப் போகும். பெயரைப் பார்த்து எஞ்சின் பிஸ்டன் என்று நினைக்க வேண்டாம், ஜெர்மனில் 'பிஸ்டெ' என்றால் பனிச்சறுக்குத் தடம். கேஸ்போரர் நிறுவனம் 1969-இல் சறுக்கு மைதானங்களைச் சமன்செய்யக் கொண்டுவந்த வண்டியின் வாரிசு இது.

சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். துருவ நிலையங்கள் பலவற்றில் விமான எரிபொருளையோ அதை ஒட்டிய கலவையையோ பயன்படுத்துகிறார்கள், ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை உறையாது. அதில் டீசலின் வழவழப்பு குறைவு, இன்ஜெக்‌ஷன் பம்ப் தேயும், அதற்குத் தனியாக மசகுச் சேர்மானம் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் ஒரு வேடிக்கை: உறையாமல் காக்க ஊற்றும் கிளைகால், தண்ணீர் சேர்க்காவிட்டால் மைனஸ் 13-லேயே உறையும். 60 பங்கு கிளைகாலும் 40 பங்கு தண்ணீரும் சேர்ந்தால் மைனஸ் 50-ஐத் தாண்டும். 'குளிர் ஜாஸ்தி, தண்ணீரே வேண்டாம்' என்று சுத்தமான கிளைகாலை ஊற்றிவிடாதீர்கள். பேட்டரியும் அப்படித்தான், முழு சார்ஜில் மைனஸ் 60 அளவு வரை தாங்கும், சார்ஜ் இறங்கிப்போனால் மைனஸ் 10-க்குள் உறைந்து வெடிக்கும்.

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 1911-இல் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட் அன்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோன வூல்ஸ்லி மோட்டார் சறுக்கு வண்டிகள் மூன்று. ஒன்று இறக்கும்போதே ஐஸ் உடைந்து கடலில் போனது. மற்ற இரண்டும் தென்துருவப் பயணத்தின் ஆரம்பத்திலேயே கைவிடப்பட்டன. டிராக் நன்றாகத்தான் ஓடியது. காற்றால் ஆறும் எஞ்சின்தான் சுமை இழுக்கும் மெதுவான வேகத்தில் சூடேறி, கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் போய்விட்டது. 1957-58-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் விவியன் ஃபுக்ஸ் குழு அமெரிக்காவின் டக்கர் ஸ்னோ-கேட் டிராக் வண்டிகள் நான்கைக் கொண்டு 99 நாளில் கண்டத்தையே குறுக்கே கடந்தது. 1959-இல் தென்துருவம் போன சோவியத்தின் கார்கோவ்சாங்கா வண்டியில் எஞ்சினை ஆட்கள் இருக்கும் கூண்டுக்குள்ளேயே வைத்தார்கள். ரிப்பேருக்கு வெளியே இறங்க வேண்டியதில்லை, நல்ல யோசனை. ஆனால் புகையும் உள்ளேயே வந்தது.

கேள்வி (ஒஸ்லோ): ஸ்னோமொபைலைக் கண்டுபிடித்தவர் பொம்பார்டியேதானா?

பதில்: முதல் ஆள் அவர் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் 1924-லேயே மோட்டார் சறுக்கு வண்டி செய்துவிட்டார். கியூபெக்கின் வால்கூர் ஊர் மெக்கானிக்கான ஜோசப்-அர்மான் பொம்பார்டியே தீர்த்தது வேறு சிக்கலை. 1934 குளிர்காலத்தில் பனி மூடிய சாலையால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். பெரிட்டோனைட்டிஸ் எனும் வயிற்று உட்சவ்வு அழற்சி. அவர் 1937-இல் காப்புரிமை பெற்றது ரப்பர் போர்த்திய ஸ்ப்ராக்கெட்டுக்கும் அதோடு சேரும் டிராக்குக்கும். வெறும் இரும்புப் பல்லில் பனி ஒட்டி ஐஸாகி டிராக்கை வெளியே தள்ளிவிடும், ரப்பரில் ஒட்டாமல் உதிரும். அவருடைய 12 பேர் வண்டி பி-12 டாக்டர்களையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தது. 1948-இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனி அகற்ற ஆரம்பித்ததும் அதன் விற்பனை சரிந்தது. ஆள் சும்மா இருக்கவில்லை. சதுப்பு நிலத்துக்கு மஸ்கெக் டிராக்டர், பிறகு 1959-இல் ஸ்கி-டூ ஸ்னோமொபைல்.

கேள்வி (தண்டர் பே): சீசன் முடிந்து வண்டியை ஷெட்டில் போடும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, கார்புரேட்டர் வரை அது போய்ச் சேர ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். அணைக்கும் முன், எஞ்சின் உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் எண்ணெய் அடியுங்கள். டிராக்கைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டியின் (செயின்கேஸ்) எண்ணெயை இப்போதே மாற்றுங்கள், கால் லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். வடித்த எண்ணெய் பால் கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலைப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம், கையில் குத்தும் துகள் இருந்தால் செயினையும் பேரிங்கையும் திறந்தே ஆக வேண்டும். கிளட்ச் பெல்ட்டைக் கழற்றித் தட்டையாக வையுங்கள். கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள், இருக்கும் தண்ணீர் அதோடு வெளியேறும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். ஏர் இன்டேக்கிலும் சைலன்சர் வாயிலும் எலி கூடு கட்டும், துணி அடையுங்கள். அடைத்த துணியில் ஒரு துண்டைக் கிழித்துச் சாவியில் கட்டி வையுங்கள். மார்கழியில் சாவியைத் தேடி எடுக்கும்போது அந்தத் துண்டும் கையில் வரும்.